நள்ளிரவு ஆமை நடை: நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை

கடல் ஆமைகள் இட்ட முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் இரவு நடை இது. சென்னைக் கடலோரத்தை நடந்தே அறிய இதைவிட நல்ல வழி இல்லை. எஸ்எஸ்டிசிஎன் எனப்படும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இதைச் செய்துவருகிறது. சனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேரலாம். நீலாங்கரையில் நள்ளிரவு வாக்கில் கிளம்பினால் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டிப் பெசன்ட் நகர் சேர விடிகாலை ஆகிவிடும்.

சுமார் 7 கி.மீ.தானே என்று எண்ண வேண்டாம். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், கரையும் அந்தப் பக்கமே சரியும். வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில் என்று மணிக்கணக்கில் நடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அலை வந்துபோன ஈரமணலில் கால் புதையாது. சரிவு கூடும் இடத்தில் மட்டும் மேலே ஏறிக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் புகும் மணல் வியர்வையோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்த்துக் கொப்புளம் கட்டும். வார் வைத்த செருப்பே சரி. குப்பங்களை ஒட்டிக் கண்ணாடிச் சில்லும் தூண்டில் முள்ளும் கிடக்கும், வெறுங்கால் ஆகாது. ஜீன்ஸ் நனைந்தால் தொடையை அறுத்துவிடும். இரவுதானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. ஆளுக்கு ஒரு லிட்டர் வேண்டும்.

நடையின் உயிர் தடத்தில்தான் இருக்கிறது. அலை எட்டாத மணலில் டிராக்டர் ஏறியதுபோல ஒரு சுவடு. இங்கே கரையேறும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) துடுப்புகளை மாற்றி மாற்றிப் போடுவதால் இருபக்கக் குறிகளும் நேருக்கு நேர் அமையாது. ஏறின தடமும் இறங்கின தடமும் பிரியும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். தன்னார்வலர் கம்பியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். மண் இளகும் இடத்தில் கையால் தோண்டுவார். முழங்கை ஆழத்தில், குடம் போன்ற குழியில், பிங்பாங் பந்தளவில் நூறு முட்டைகள் வாக்கில் இருக்கும், தொட்டால் மெத்தென்று. சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் புதைத்தாக வேண்டும். தாமதித்துப் புரட்டினால் ஓட்டோடு ஒட்டத் தொடங்கிய கரு செத்துவிடும். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும்.

டார்ச், செல்போன் வெளிச்சம் கூடவே கூடாது. கரையேறும் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

குறைகளும் உண்டு. வழியில் கழிவறை கிடையாது. ஆமை கண்ணில் படும் என்ற உறுதியும் இல்லை. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் அவை மூழ்கிச் சாகின்றன; 2025 சனவரியில் நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. மனம் கனக்கும் காட்சி அது, சிறு குழந்தைகளை அழைத்துவருவோர் யோசிக்க வேண்டும்.

வண்டியைப் பெசன்ட் நகரிலேயே விட்டுவிட்டு நீலாங்கரைக்கு ஆட்டோவில் போங்கள். அந்த விடிகாலையில் திரும்பிப் போய் வண்டி எடுக்கக் கால் ஒத்துழைக்காது.