13,500 ரூபாயும் போச்சு, காலும் கிழிஞ்சுது: பெங்களூர்ல ஃபிக்ஸி சைக்கிள் ஓட்டுறவங்க தயவுசெஞ்சு படிங்க

பெடலும் கால் ஸ்ட்ராப்பும் மாத்துறதுக்கு 13,500 ரூபாய் கொடுத்தேன். அதுக்கு இப்ப என்கிட்ட மிச்சம் இருக்கிறது மரை போன ஒரு க்ராங்க் (பெடலை மாட்டுற கை), பிய்ஞ்சு தொங்குற ஒரு ஸ்ட்ராப், கெண்டைக்கால்ல தையல். கடைக்காரப் பையன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். தையல் பிரிக்கிறதுக்குள்ள எழுதிடணும்னுதான் உட்கார்ந்திருக்கேன். இன்னொருத்தர் அந்த மாடிப்படி ஏறக் கூடாது.

கடைப் பேரைப் போடல. புகார் கொடுக்கப் போறேன், அதுவரைக்கும் பேர் வேண்டாம்னு வக்கீலா இருக்கிற எங்க சித்தப்பா சொல்லிட்டார். ஆனா எந்த மாதிரி இடம்னு சொல்றேன். சாதாரண சைக்கிள் கடை இல்ல. முதல் மாடியில, கண்ணாடிக் கதவு, உள்ள காபி மெஷின், சுவர்ல கலர் கலரா ஃப்ரேம் மாட்டி வெச்சு, "கஸ்டம் ஸ்டுடியோ"ன்னு சொல்லிக்கிற வகை. இன்ஸ்டாகிராம்ல தினம் ஒரு வீடியோ வரும். நிறைய பேருக்குப் புரிஞ்சிருக்கும்.

ஃபிக்ஸி ஓட்டாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா "ஒரு பெடலுக்கா இவ்வளவு ஆத்திரம்"னு தோணும். சாதாரண சைக்கிள்ல மிதிக்கிறதை நிறுத்தினா சக்கரம் பாட்டுக்கு ஓடும், பெடல் நின்னுடும். ஃபிக்ஸட் கியர்ல ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரத்துப் பல் சக்கரம் சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்போட இறுகி இருக்கும். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், உங்க காலும் சுத்தியே ஆகணும். வேகத்தைக் குறைக்க பெடலைப் பின்பக்கமா எதிர்த்துப் பிடிக்கணும். ஒரு கால் கீழ அழுத்தும், இன்னொரு கால் மேல இழுக்கும். மேல இழுக்கிற காலை பெடலோட பிடிச்சு வெக்கிறதுதான் ஸ்ட்ராப், டோ கிளிப் (ஷூ முனையை நுழைக்கிற கூண்டு), கிளீட் (ஷூ அடியில இருந்து பெடல்ல பூட்டிக்கிற தகடு) எல்லாம். 46 பல் முன்னாடி, 16 பல் பின்னாடி வெச்சு 30 கிலோமீட்டர் வேகத்துல போனா பெடல் நிமிஷத்துக்கு 80 சுத்துக்கு மேல சுத்துது. அந்த நேரத்துல கால் நழுவினா பெடல் உங்களுக்காக நிக்காது. திரும்பி வந்து காலை அடிக்கும். அதனால ஃபிக்ஸியில பெடலும் ஸ்ட்ராப்பும் அலங்காரச் சாமான் இல்ல, பிரேக்கோட ஒரு பாகம். இது அந்தக் கடையில இருக்கிறவனுக்கு என்னை விட நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்.

நான் அல்சூர்ல இருந்து கோரமங்களா ஆபீஸுக்கு சைக்கிள்லதான் போறேன். நூறடி ரோடு, தொம்லூர் மேம்பாலம், இன்னர் ரிங் ரோடு. ஆபீஸ் ஷூவோடவே ஓட்டணும், அதனால கிளீட் ஷூ சரிப்படாது. டோ கிளிப்புல ஷூ முனை தேயுது. அகலமான ஸ்ட்ராப், அது கோத்துப் போற மாதிரி உடம்புல துளை விட்ட அலுமினியம் பெடல், இதுதான் வேணும்னு தெளிவா முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். பெடல் எம்கேஎஸ் வேணும்னு கேட்டேன். ஜப்பான்ல கெய்ரின்கிற சைக்கிள் பந்தயத்துக்கு, அதோட அங்கீகாரமான என்ஜேஎஸ் முத்திரையோட பெடல் செய்யற கம்பெனி அது.

நான் ஃபோன்ல எங்க அம்மாகிட்டப் பேசறதைக் கேட்டுட்டு அந்தப் பையன் உடனே தமிழுக்கு மாறினான். "அக்கா, நீங்க தர்மபுரியா? பேச்சுலயே தெரியுது. நான் காவேரிப்பட்டினம்க்கா." எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் பாதி கன்னடம் பாதி இங்கிலீஷ்னு பேசித்தான் சாமான் வாங்கறோம். சைக்கிளோட ஒவ்வொரு உறுப்பையும் தமிழ்ல பேசிக் கேட்க ஒரு ஆள் கிடைச்சா மனசு எப்படி இளகும்னு வெளியூர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். டீ வாங்கிக் கொடுத்தான். என் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து "க்ராங்க் 165 போட்டிருக்கீங்க, விவரமானவங்கதான்"னான். ஃபிக்ஸியில வளைவுலயும் மிதிச்சுக்கிட்டே போகணும்கிறதால பெடல் தரையில இடிக்காம இருக்க நீளம் குறைஞ்ச க்ராங்க் போடுவாங்க. அதைப் பார்த்த உடனே சொல்றானே, வேலை தெரிஞ்ச பையன்னு நம்பினேன்.

பெடல் 7,900. ஸ்ட்ராப் 4,200. மாட்டி, என் ஷூவுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணித் தர 1,400. மொத்தம் 13,500 ரூபாய். "உங்களுக்காக நேரா ஜப்பான் சரக்கு வரவழைச்சுத் தர்றேன்க்கா, முழுசா அனுப்பிட்டீங்கன்னா உடனே ஆர்டர் போட்டுடுவேன்"னான். யூபிஐல அங்கேயே அனுப்பினேன். பில் கேட்டேன். "பில்லிங் சிஸ்டம் இன்னிக்கு மக்கர் பண்ணுதுக்கா, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்." அந்தப் பில் இந்த நிமிஷம் வரைக்கும் வரல.

சைக்கிளை வாங்கப் போனப்ப எல்லாம் மாட்டித் துடைச்சு பளபளன்னு நிக்குது. பெடல்ல கம்பெனிப் பேர் எங்கயும் இல்ல. கேட்டேன். "இது எக்ஸ்போர்ட் லாட், ஸ்டிக்கர், பெட்டி எல்லாம் இல்லாமத்தான் வரும். அதே ஃபேக்டரிதான்க்கா, நம்ம ஊர்க்காரங்ககிட்ட பொய் சொல்லுவேனா?" இந்த ஒரு வரியை இப்ப நினைச்சாலும் உடம்பு எரியுது. வீட்டுக்கு வர்ற வழியிலேயே இடது பெடல் லேசா ஆடுச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் கால் கோணலாத் திரும்புற மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே மெசேஜ் போட்டேன், வீடியோவும் எடுத்து அனுப்பினேன். "புது பெடல்க்கா, கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்"னு வாய்ஸ் நோட் வந்துச்சு. அந்த வாய்ஸ் நோட்டைப் பத்திரமா வெச்சிருக்கேன்.

செட் ஆகல. தொம்லூர் மேம்பாலம் இறங்குறப்ப, ஈஜிஎல் ஐடி பார்க் கேட் பக்கம் ஆபீஸ் கேப் கார் எல்லாம் திரும்புமே, அங்க வேகத்தைக் குறைக்கிறதுக்காகப் பெடலை எதிர்த்தேன். வலது கால் மேல இழுத்த நொடியில ஸ்ட்ராப் கீழ்ப்பக்கம் படார்னு விட்டுச்சு. கால் அந்தரத்துல. பெடல் சுத்தி வந்து அதோட ஆணி முனை கெண்டைக்கால்ல இறங்குச்சு. உடம்பு மொத்த பாரமும் இடது பெடல் மேல போச்சு. அது க்ராங்கை விட்டு மரையோட பிடுங்கிட்டு வந்துடுச்சு. முன் பிரேக் இருந்ததால நான் இன்னிக்கு உட்கார்ந்து எழுதறேன். ஃபிக்ஸிக்கு பிரேக் வெக்காம ஓட்டுறதுதான் அழகுன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டுத் திரியுது. வெலோட்ரோம்ல, எல்லாரும் ஒரே பக்கமா ஓடுற தடத்துல, அது சரி. இன்னர் ரிங் ரோட்டுல முன் பிரேக் இல்லாம யாரும் இறங்காதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். பின்னாடி வந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, சைக்கிளையும் என்னையும் ஏத்தி ஆஸ்பத்திரியில விட்டுட்டு காசு கூட வாங்காமப் போனார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு விழுந்ததை விட வலிக்குது.

முதல் ஃபோன்: "ஐயோ அக்கா, ஒண்ணும் ஆகலையே? சைக்கிளைக் கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்." காலைத் தரையில ஊன முடியாதவ எப்படி மாடிப்படி ஏறிக் கொண்டு வர்றது? ஆள் அனுப்புறேன்னான், யாரும் வரல. அப்புறம் "மெக்கானிக் ஊருக்குப் போயிட்டான்." அப்புறம் "சப்ளையர்கிட்ட கேட்டிருக்கேன், அவங்க சொன்னாத்தான்." எங்க வீட்டுக்காரர் நேர்ல போனார். அங்க ஓனர்னு வேற ஒருத்தர். அவர் இங்கிலீஷ்ல மட்டும் பேசினார். "உங்க வைஃப் தப்பா மிதிச்சிருப்பாங்க. இந்த வகை சைக்கிள் லேடீஸுக்கு கஷ்டம்"னாராம். நான் இந்தச் சைக்கிளை வாங்கி வருஷக்கணக்காச்சு. இவங்க கைவெச்சுக் கெடுக்கிற வரைக்கும் அது என்னை ஒரு தடவை கூடக் கீழ தள்ளினதில்ல. காவேரிப்பட்டினத்துப் பையன் உள்ள நின்னுக்கிட்டு இருந்தானாம், தலையே நிமிரலையாம். சாயங்காலம் "பில் இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ். பில்லைக் கொடுக்காதவனே பில் கேட்கிறான்! யூபிஐ ரசீது, வாய்ஸ் நோட், ஆடின வீடியோ எல்லாத்தையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. அப்புறம் ப்ரொஃபைல் படம் காணாமப் போச்சு. 13,500 ரூபாய் வாங்கறப்ப அக்கா. திருப்பிக் கேட்டா பிளாக்.

சிவாஜிநகர்ல ஒரு பழைய சைக்கிள் ரிப்பேர் பாய் இருக்கார். சித்தப்பாவுக்குப் பழக்கம். க்ராங்கை அவர்கிட்ட கொண்டு போனோம். துளையை ஒரே ஒரு தடவை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். "இது மரையில ஏறவே இல்லம்மா. கோணலா வெச்சு ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏத்தியிருக்கான். க்ராங்க் அலுமினியம், பெடல் கம்பி இரும்பு. எது அறுபடும் சொல்லு?" உள்ள இருந்து உதிர்ந்த அலுமினியத் தூள் தேங்காய்த் துருவல் மாதிரி அவர் உள்ளங்கையில கிடந்துச்சு. ஒரு பொட்டு கிரீஸ் கூட வெக்கலை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும், இடமாத் திருப்பினாத்தான் இறுகும். சைக்கிள் கடையில முதல் வாரம் வேலைக்கு வர்ற பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமே அதுதான்னு சொன்னார்.

அடுத்து ஸ்ட்ராப்பைப் பிரிச்சார். அங்கதான் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்தப் பெடல்ல ஸ்ட்ராப் கோக்கத் துளையே கிடையாது. ஆணி வெச்ச சாதாரண அகலப் பெடல். ஸ்ட்ராப்போட மடிப்புக்கு உள்ள, வெளியில தெரியாத இடத்துல, வயர் கட்டுற கருப்பு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி வெச்சிருக்கான். மேல மடிச்சு மூடிட்டா யாருக்கும் தெரியாது. ஒரு மனுஷி மேம்பாலத்துல இறங்குறப்ப பிடிச்சு நிக்க வேண்டிய இடத்தை, டிவி வயர் கட்டுற டேக்கை வெச்சுக் கட்டிட்டு 4,200 ரூபாய் வாங்கியிருக்கான். இதைக் கவனக்குறைவுன்னு யாரும் என்கிட்ட சொல்ல வராதீங்க. மறைச்சுக் கட்டினவனுக்கு என்ன செய்யறோம்னு தெரியும்.

எந்தப் பெடல் யாருக்குச் சரிவரும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். அகல ஸ்ட்ராப் வாங்கினா அது பெடல் உடம்புக்குள்ள கோத்து வெளிய வருதான்னு குனிஞ்சு, மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க. பெடல் மாட்டறப்ப பக்கத்துலயே நில்லுங்க. முதல் சில சுத்து ஸ்பேனர் இல்லாம விரலாலேயே ஏறணும், ஏறலேன்னா அங்கேயே நிறுத்தச் சொல்லுங்க. பெடல் ஆடினா "செட் ஆயிடும்"கிற பேச்சை ஏத்துக்காதீங்க, அப்படி ஒண்ணு கிடையாது. கிளீட் போடறவங்க ஷிமானோ கம்பெனியோட எஸ்பிடி வகையில எஸ்எச் 51 கிளீட் போடுங்க. எஸ்எச் 56 மேல இழுத்தாலும் கழண்டுக்கும், ஃபிக்ஸிக்கு ஆகாது. பில் கையில வராம பணம் அனுப்பாதீங்க.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்க மறுக்கிறதும் நியாயமற்ற வணிகம்னு தெளிவா இருக்கு. திரும்ப வாங்கிக்க பில்லுல கெடு எதுவும் போடலேன்னா 30 நாள் கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணிப் புகாரைப் பதிஞ்சுட்டேன். அதுல நடக்கலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்ச ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கினதுக்குப் புகார்க் கட்டணமே கிடையாதாம். 13,500 ரூபாயை விடப் போறதில்ல.

இதே மாதிரி இடத்துல மாட்டினவங்க இருந்தா எனக்கு எழுதுங்க, புகாரோட சேர்த்துக்கலாம். இன்னொரு உதவி. 165 மி.மீ. இடது க்ராங்க் மட்டும், அச்சுல உட்கார்ற துளை சதுர டேப்பர், ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் அளவு, யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க. ஐஎஸ்ஓ அளவு வேண்டாம், உட்காராது. மாட்டறது சிவாஜிநகர் பாய்தான்.