ரவென்னா, ஃபாயென்சா ஒருநாள் பயணம்: வழிகாட்டியுடன் வேனிலா, சொந்தமாக ரயிலிலா?

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து டைல்ஸ் வியாபாரிகளும் கட்டட ஒப்பந்ததாரர்களும் இத்தாலியின் பொலோனியாவில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் செர்சாயே டைல்ஸ் கண்காட்சிக்குப் போய்வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கண்காட்சி முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் ஒருநாள் மிஞ்சினால், பெரும்பாலானவர்கள் வெனிசுக்கோ ஃபுளோரன்சுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். தரையையும் சுவரையும் அழகாக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அந்த ஒருநாளைச் செலவிட அதைவிடப் பொருத்தமான இரண்டு ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று, 5, 6ஆம் நூற்றாண்டு மொசைக் சுவர்கள் இன்றும் நிற்கிற ரவென்னா. மற்றொன்று, பல நூற்றாண்டுகளாக செராமிக் பாண்டங்களுக்குப் பேர்போன ஃபாயென்சா. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும். எப்படிப் போவது என்பதில்தான் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. நானும் சிலரும் வழிகாட்டியுடன் கூடிய வேன் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஈரோட்டு நண்பர்கள் ரயிலில் போனார்கள். அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசியதன் சாரமும், அதன்மேல் என் தீர்ப்பும் இங்கே.

செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பொலோனியாவிலிருந்து ரவென்னாவுக்கு உள்ளூர் ரயில் கட்டணம் ஒரு வழிக்கு பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். ஃபாயென்சா அதைவிடக் குறைவு. வழிகாட்டி, வேன், ஓட்டுநர் என்று சேரும்போது அதைப்போலப் பல மடங்கு ஆகும் என்பது யாருக்கும் தெரிந்ததே. நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரயில் ரவென்னாவை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு அடைகிறது. ஃபாயென்சா, பொலோனியாவிலிருந்து ரிமினி செல்லும் முக்கியப் பாதையிலேயே இருப்பதால் திரும்பும் வழியில் இறங்கி ஏற வசதியானது. காகிதப் பயணச்சீட்டு வாங்குகிறவர்கள் நடைமேடையில் உள்ள கருவியில் அதை முத்திரையிட்டுவிட்டு ஏற வேண்டும், இல்லையென்றால் அபராதம். வாடகைக் கார் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பழைய ஊர்ப் பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா படம் பிடித்து, நாம் ஊர் வந்து சேர்ந்த பிறகு அபராதச் சீட்டு துரத்திக்கொண்டு வரும் என்பதால் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரவென்னாவில் பார்க்க வேண்டியவை தாமாகப் பேசுவதில்லை. நம் ஊர்க் கோயில் சிற்பத்தின் முன்னால் நின்றால், கையில் வேல் இருந்தால் முருகன், மயிலிறகு இருந்தால் கண்ணன் என்று யாரும் சொல்லித் தராமலே நமக்குப் பிடிபட்டுவிடும். அங்கே அந்த அடித்தளம் நமக்குக் கிடையாது. ஆகவே யாராவது முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நாம் பார்ப்பது நீலமும் தங்கமும் மட்டும்தான். அது அழகாக இருக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் சலித்துவிடும்.

கல்லா பிளாசிடியா நினைவுமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த, சிலுவை வடிவிலான சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிட்டங்கி என்று கடந்துபோய்விடலாம். உள்ளே கருநீலக் குவிமாடம் முழுக்கத் தங்க நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாகப் பரவியிருக்கின்றன. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் என்ற கல்லின் பலகைகள் பொருத்தியிருப்பதால் வெளிச்சம் தேன் நிறத்தில் வடிந்து வருகிறது. ஈரப்பதத்தையும் கூட்டத்தையும் கட்டுப்படுத்துவதற்காக, முன்பதிவு செய்த நேரத்தில் நுழைந்து ஐந்து நிமிடம் மட்டுமே நிற்க அனுமதிக்கிறார்கள். இந்த ஐந்து நிமிடம்தான் என் கணக்கைத் தீர்மானித்தது. வெயிலிலிருந்து உள்ளே போகிறவரின் கண் அந்த மங்கலுக்குப் பழகுவதற்கே ஒரு நிமிடம் போய்விடும். எங்கள் வழிகாட்டி இதை உத்தேசித்து, எங்களை வெளியே நிழலில் நிறுத்தி, வெயில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அச்சிட்ட படங்களைக் காட்டி, உள்ளே எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். நுழைந்ததும் குவிமாடத்தைப் பார்க்காதீர்கள், உடனே திரும்பி, நீங்கள் நுழைந்த வாசலுக்கு மேலே பாருங்கள் என்பது அவருடைய முதல் கட்டளை. அங்கேதான் தங்க உடையணிந்து, ஆடுகளுக்கு நடுவே பாறைமேல் அமர்ந்திருக்கும் நல்ல மேய்ப்பனாக இயேசு இருக்கிறார். எதிர்ச் சுவரில் தீயின் மேல் வைத்த இரும்புத் தட்டியும், அதற்குப் பக்கத்தில் நான்கு நற்செய்தி நூல்கள் அடுக்கிய திறந்த அலமாரியும் இருக்கின்றன. ரயிலில் போன நண்பர்கள் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, நேரம் முடிந்து வெளியே வந்திருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ஒரு படம் இருந்ததே அவர்களுக்கு இரவில்தான் தெரிந்தது.

தியோடரிக் என்ற ஆஸ்திரகோத் அரசன் (ஆட்சி 493 முதல் 526 வரை) தன் அரண்மனைக்கு அருகில் கட்டிய சாந்த் அப்போலினாரே நுவோவோ தேவாலயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஒரு பக்கச் சுவரில் அவனுடைய அரண்மனை மொசைக்கில் இருக்கிறது; தூண்களுக்கு இடையே வெள்ளைத் திரைகள் தொங்குகின்றன. சும்மா பார்த்தால் திரைபோட்ட மாளிகை, அவ்வளவுதான். வழிகாட்டி எங்களைத் தூண்களை மட்டும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கச் சொன்னார். பெருந்துறையிலிருந்து வந்திருந்த மாமாதான் முதலில் கண்டுபிடித்தார்: "ஏனுங்க, தூணு மேல கை மட்டும் இருக்குதுங்களே, ஆளைக் காணோமே?" தியோடரிக்கும் அவன் அவையினரும் இயேசுவைத் தந்தைக் கடவுளுக்குச் சமமாக ஏற்காத ஏரியன் பிரிவைச் சேர்ந்த கிறித்தவர்கள். 540இல் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசின் படை ஊரைப் பிடித்த பிறகு, அந்தப் பிரிவின் அடையாளங்களை அழிக்கும் முயற்சியில் ஆட்களின் உருவங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடங்களைத் திரையாக மாற்றிப் பதித்துவிட்டார்கள். தூணின் மேல் நீண்டிருந்த கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். பழைய தரையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்த அனுபவம் உள்ள எவருக்கும் இந்த வேலையின் அவசரம் புரியும். அரசியலும் சேர்ந்தே புரியும். ரயில்காரர்களிடம் இதைச் சொன்னபோது, அதே சுவரை நின்று நிதானமாகப் படமெடுத்திருந்த அவர்கள் கைபேசியைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்துத்தான் அந்தக் கைகளைக் கண்டார்கள்.

சான் விட்டாலே தேவாலயம் தொழில்காரர்களுக்குத் தனிப் பாடம். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த எண்கோணக் கட்டடத்தில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடராவும் பரிவாரங்களோடு எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை என்றும், வராத ஊரில் தங்கள் ஆட்சியை நிலைநாட்டத்தான் அந்தப் படங்கள் என்றும் வழிகாட்டி விளக்கினார். தியோடராவின் அங்கியின் கீழ்க்கரையில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள் பரிசு ஏந்தி நடப்பதாக நெய்திருப்பதைக் காட்டினார். அங்கியில் இருக்கும் கரையைத் தனியாகப் போகிறவர் கவனிப்பது அபூர்வம். தங்கப் பின்னணி எப்படி மின்னுகிறது என்பதற்கான பதில்தான் எனக்கு இந்தப் பயணத்தின் லாபம். தங்கத் தகட்டை இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே வைத்துத் துண்டாக்கி, ஈரச் சாந்தில் ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு கோணத்தில் சற்றே சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நம் கொத்தனார் ரசமட்டம் வைத்து ஒரு நூல்கூட ஏறி இறங்கக் கூடாது என்று பார்ப்பார். அங்கே ஏறி இறங்கினால்தான் வேலை. சமமாகப் பதித்திருந்தால் சுவர் ஒரே இடத்தில் கண்ணைக் கூசவைத்துவிட்டு மற்ற இடத்தில் மங்கிக் கிடந்திருக்கும். நாம் நடக்க நடக்கச் சுவரில் வெளிச்சம் இடம் மாறுவது இந்தச் சாய்வினால்தான்.

இவ்வளவு சொன்னபின், வேன் பயணத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிளாசேயில், 549இல் அர்ப்பணிக்கப்பட்ட சாந்த் அப்போலினாரே தேவாலயம் எங்கள் அட்டவணையில் இல்லை. ரயிலில் போனவர்கள் பேருந்து பிடித்து அங்கே போய், பச்சைப் புல்வெளியில் கைகளை உயர்த்தி நிற்கும் புனிதரையும் இருபுறமும் வரிசையாக வரும் ஆடுகளையும் ஆளரவமற்ற மண்டபத்தில் ஆற அமரப் பார்த்திருக்கிறார்கள். கிளாசே ஒரு காலத்தில் அகஸ்டஸ் அமைத்த ரோமானியக் கடற்படைத் துறைமுகம். அதே அகஸ்டஸின் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் நம் வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தவை என்பதால், அந்த இடம் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வேனில் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே கிளாசே சேர்த்தியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபாயென்சாவில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அங்கே 1908இல் கயெத்தானோ பல்லார்தீனி நிறுவிய பன்னாட்டு செராமிக் அருங்காட்சியகம்தான் முதன்மை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியத் தட்டுகளிலிருந்து பிக்காசோ, மத்தீஸ் செய்த பாண்டங்கள்வரை அங்கே இருக்கின்றன. 1944இல் குண்டுவீச்சில் சேகரிப்பில் பெரும்பகுதி நொறுங்கி, போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டது என்ற வரலாறும் அதற்கு உண்டு. இங்கே வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பொருள்களுக்குக் குறிப்புகள் இருக்கின்றன. நிற்க நேரக் கட்டுப்பாடு இல்லை. பார்க்க வேண்டியது நம் தொழிலுக்குப் பழகிய மண்ணும் மெருகும்தான். வேன் அட்டவணை கொடுத்த நேரம் அந்த அறைகளில் பாதிக்குக்கூடப் போதவில்லை. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் ரயில்காரர்கள் மூடும் நேரம்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தார்கள்.

பட்டறை விஷயத்தில் மட்டும் வழிகாட்டி உதவினார். ஒருமுறை சுட்ட மண்ணை வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகில் முக்கியெடுத்து, அந்த மாவுபோன்ற மேற்பரப்பில் கோபால்ட் நீலம், செம்புப் பச்சை என்று தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். தூரிகை பட்டதும் மெருகு ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கோணலான கோட்டை அழிக்க வழியே இல்லை. எங்கள் கண்முன் வரைந்த பெண்மணி கையைத் தூக்காமல் தட்டை மெல்லச் சுழற்றியபடியே வட்டத்தை முடித்தார். பிறகுதான் இரண்டாவது சூளை. அதன்பின் விற்பனை அறைக்கு அழைத்துப்போய்க் கொஞ்சம் அதிக நேரம் நிற்கவைத்தார்கள் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். எல்லாப் பட்டறையிலும் இப்படித்தானா என்பதை ஒரு பட்டறையை வைத்துச் சொல்வது நியாயமாகாது.

உணவில் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த வட்டாரத்து பியாதினா என்ற தட்டை ரொட்டி பார்ப்பதற்கு நம் சப்பாத்திபோல் இருந்தாலும், மரபான முறையில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்தே பிசைகிறார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்வதும் உண்டு; கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு வழிகாட்டி கேட்டுத் தந்தார், ரயில்காரர்கள் பழமும் தயிருமாக ஓட்டினார்கள்.

ஆகவே என் பரிந்துரை வழிகாட்டியுடன் போவதுதான், அதுவும் ரவென்னாவுக்காக. செலவு உறுத்துகிறவர்களுக்கு நடுவழி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது: இருவரும் மூவருமாகச் சேர்ந்து ரயிலில் போய், ரவென்னாவில் காலை நேரத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை முன்பே பேசிவைத்துக்கொண்டு, மதியத்துக்குமேல் ஃபாயென்சாவுக்குத் தாமாகப் போய்விடலாம். இதை நாங்கள் செய்துபார்க்கவில்லை. ஆனால் ரயில் தாமதமானால் கல்லா பிளாசிடியாவின் முன்பதிவு நேரம் கைநழுவும் என்பதையும், இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துப்போவதில் எது வசதி என்பதற்கும் எங்கள் அனுபவம் போதாது. எங்களுடன் வந்தவர்கள் எல்லோரும் கண்காட்சி அரங்குகளில் நாள்முழுக்க நடந்து பழகிய கால்கள்.

மொசைக்கில் ஆர்வமில்லாமல் செராமிக் மட்டும் போதும் என்பவர் வேனுக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். பொலோனியாவில் காலை ரயிலேறி ஃபாயென்சாவில் இறங்கினால் போதும். அப்படிப் போகிறவர் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகள் திறப்பதில்லை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைகளைச் சாத்திவிடுவதும் அங்கே வழக்கம். கண்காட்சி பெரும்பாலும் வெள்ளியோடு முடிவதால், நம்மவர்களுக்குத் தோதான நாள் சனிக்கிழமை.