ஃபெரெட்: ஒன்று போதுமா, ஜோடி வேண்டுமா?

ஃபெரெட் பார்வைக்குக் கீரியை நினைவூட்டினாலும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூதாதையான போல்கேட் காட்டில் தனியாகவே அலையும். இதைக் காட்டி, வீட்டு ஃபெரெட்டுக்கும் துணை தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ஃபெரெட்டை முயல் வேட்டைக்காக மனிதன் பழக்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. காட்டுக் கணக்கு இங்கே செல்லாது. சேர்ந்து வளர்ந்த ஃபெரெட்டுகளுக்கு ஆளுக்கொரு துணித்தொட்டில் கட்டிக் கொடுத்தாலும், எல்லாம் ஒரே தொட்டிலில் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தூங்கும்.

இருந்தாலும் ஒற்றையாக வளர்ப்பதற்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு: அதன் உடல்நிலையில் எதுவும் ஒளியாது. ஃபெரெட் முழு இறைச்சியுண்ணி. குடல் குட்டையானது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் அடிக்கடி தின்ன வேண்டும். கிண்ணத்தில் உணவு குறையவில்லை, கழிவுத் தட்டில் மலம் இல்லை என்றால், ரப்பர் துண்டு எதையாவது விழுங்கிக் குடல் அடைத்திருக்கிறதோ என்று அன்றைக்கே சந்தேகிக்கலாம். இரண்டு இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். கழிச்சல் எதனுடையது? சாப்பிடாமல் இருப்பது எது? ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை எடை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் குளிர்காலத்தில் கொழுத்து வெயில்காலத்தில் இளைப்பது இவற்றின் இயல்பு. ஒரு நாளின் எடையை மட்டும் வைத்துப் பதற வேண்டாம்.

ஒற்றை ஃபெரெட்டின் இழப்பு விளையாட்டில் தெரியும். நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் விலங்குதான். ஆனால் விழித்துவிட்டால் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, தொண்டைக்குள் கோழி கொக்கரிப்பதுபோல் ஒலி எழுப்பும். 'வா, மல்லுக்கு நில்' என்ற அழைப்பு அது. தரையில் உட்கார்ந்து நாம் எத்தனை நிமிடம் ஈடுகொடுப்போம்? இன்னொரு ஃபெரெட் என்றால் பிடரியைக் கவ்வித் தரதரவென்று இழுக்கும். அங்கே தோல் தடிமன், வலிக்காது. துணையில்லாத குட்டி கடியின் அளவை நம் கால்விரலில்தான் பழக வேண்டியிருக்கும்.

ஜோடியாக வளர்த்தால் மனிதரிடம் ஒட்டாது என்பதை நான் ஏற்கவில்லை. தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறோமா என்பதைப் பொறுத்தது அது. அதேபோல், 'இரண்டு வாங்கினால் கவலையில்லை, அவை பார்த்துக்கொள்ளும்' என்பதும் விற்பவரின் பேச்சு. இரண்டானாலும் நான்கு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, நம் கண்பார்வையில் ஓட விட வேண்டும்.

எந்த இரண்டு என்பதுதான் முக்கியம். கருத்தடை செய்யாத இரு ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண்ணுக்கோ ஆபத்து வேறு மாதிரி: இணைசேராமல் பருவம் நீண்டால் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, இரத்தசோகையில் உயிரே போகலாம். மிகச் சிறு வயதில் கருத்தடை செய்வதற்கும் பின்னாளில் வரும் அட்ரீனல் சுரப்பி நோய்க்கும் தொடர்பு கூறப்படுவதால், அறுவை சிகிச்சையா, தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் மருந்தா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

புதிய வரவை இரண்டு வாரமாவது தனி அறையில் வைப்பது நல்லது. வெளிக்கு நலமாகத் தெரியும் ஃபெரெட்டும் தொற்றுக் கழிச்சலைக் கொண்டுவரக்கூடும். பிறகு படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு, இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க விடுங்கள். சீறலும் இழுபறியும் சகஜம். வீறிட்டு அலறினாலோ, பயத்தில் மலம் கழித்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். தலையில் வெள்ளைப் பட்டை உள்ள ஃபெரெட்டுகளில் பலவற்றுக்குக் காது கேட்காது. எதிராளி வலியில் கத்துவது கேட்காமல் கடித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் அதை முரடு என்று முத்திரை குத்துவார்கள்.

மூன்றுக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிது. ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி, ஒவ்வொன்றுக்கும் மருத்துவச் செலவு. பூனையைத் துணையாக்கலாமா என்றால், சாதுவான பூனை சிறிது நேரம் விளையாடும், அவ்வளவே. முயல், எலி, பறவை பேச்சே வேண்டாம். இது வேட்டை விலங்கு.

என் தேர்வு, கருத்தடை செய்த, வயது நெருக்கமான ஜோடி. நாள் முழுக்க வீட்டில் இருப்பவரிடமும், பல ஆண்டு தனியாகவே வாழ்ந்து பிற ஃபெரெட்டைக் கண்டு மிரளும் கிழட்டு ஃபெரெட்டுக்கும் மட்டும் ஒற்றையே சரி. ஜோடியில் ஒன்று இறந்து, மற்றது சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மாற்றுத் துணை தேடும்போது குட்டியைத் தவிர்த்து, நடுவயது ஃபெரெட்டாகப் பாருங்கள். குட்டியின் ஆட்டத்துக்கு வயதானது ஈடுகொடுக்காது.