ஹைட்ரா, போரோஸ், ஈஜினா: ஒரே நாளில் மூணு துறை காட்டும் கப்பல், கொடுத்த காசுக்குத் தகுமா?

ஏதென்ஸில் எந்த ஹோட்டலில் தங்கினாலும் வரவேற்பு மேசையில் இந்த விளம்பரச் சீட்டு கிடக்கும்: ஒரே நாள், மூன்று தீவு, மதியச் சாப்பாடு உள்பட. ஏதென்ஸை ஒட்டிய சாரோனிக் வளைகுடாவில் இப்படிப் பல கப்பல்கள் ஓடுகின்றன. எல்லாருடைய திட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். காலை எட்டு மணி வாக்கில் ஏற்றி, ஹைட்ரா, போரோஸ், ஈஜினா என்று துறை துறையாக நிறுத்தி, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தலைக்கு நூற்றுச் சொச்சம் யூரோ. கல்லூரிக் கூட்டாளிகளோடு போனேன். கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்தடுத்த கப்பல்களிலும் அதே கதைதான் என்று அங்கேயே கேள்விப்பட்டோம்.

ஏறியதும் கையில் ஒரு கிளாஸைத் திணித்து போட்டோ எடுப்பார்கள். சாயங்காலம் அதையே பிரேம் போட்டு விற்பார்கள். சிரித்துவிட்டு நேராக மேல்தளத்துக்கு ஏறுங்கள். கீழே ஏசி ஹாலில் உட்கார்ந்தால் கொடுத்த காசு வீண். நான் தூத்துக்குடிக்காரன். துறைமுகம் என்பது உள்ளே நுழையும்போது பார்க்க வேண்டிய பொருள், இறங்கி நின்று பார்க்கிறது ரெண்டாம்பட்சம். ஹைட்ரா அதற்கு நல்ல உதாரணம். கிட்டத்தில் போகிற வரைக்கும் மொட்டை மலைதான் தெரிகிறது. கப்பல் திரும்பியதும் மலை விலகி, குதிரை லாடம் போன்ற துறையும், அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சாம்பல்நிறக் கல்வீடுகளும், ரெண்டு பக்கமும் பழைய பீரங்கிகளும் வருகின்றன. நெப்போலியன் காலத்தில் பிரிட்டிஷ்காரன் கடல் முற்றுகையை ஏமாற்றிக் கோதுமை ஏற்றி விற்ற கப்பல்காரர்கள் கட்டிய வீடுகள் அவை. 1821இல் துருக்கியை எதிர்த்துப் போர் வந்தபோது அதே கப்பல்கள்தான் சண்டைக்குப் போயின.

ஊரில் கார் கிடையாது, பைக் கிடையாது. குப்பை வண்டி மாதிரி ஒன்றிரண்டு தவிர வேறு மோட்டார் வண்டி கண்ணில் படாது. சாமான் எல்லாம் கோவேறு கழுதை முதுகில். ஒரு பெரியவர் பீர் கிரேட்டுகளைச் சேணத்தின் ரெண்டு பக்கமும் சமமாக ஏற்றி, ஒரே கயிற்றில் நாலு சுற்று சுற்றி, கடைசி முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரிப் போட்டார். எங்கள் ஊர்ச் சுமைக்காரர்கள் அசந்துபோவார்கள். அதை முழுசாகப் பார்க்கக்கூட விடாமல் கீழேயிருந்து சத்தம்: “ஏல, ஓடியால! கப்பல எடுக்கப் போறான்!” ஒன்றே முக்கால் மணி நேரம்தான் நிறுத்தம். என் பெரிய குறையே இதுதான். ஹைட்ராவுக்கு நாலு மணி நேரமாவது வேண்டும்.

அடுத்தது போரோஸ். தீவுக்கும் எதிரே கலாத்தாஸ் ஊருக்கும் நடுவே சில நூறு மீட்டர் அகலத்தில் ஒரு நீர்ச்சந்து. அதற்குள் கப்பல் ஊர்ந்து போவதுதான் அன்றைய நாளின் அழகே. வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற அம்மாவின் முகம் தெரிகிறது, மேலே 1927இல் கட்டிய மணிக்கூண்டு. சரியாக அந்த நேரத்தில் எங்கள் பந்திக்கு மணி அடித்தார்கள்! நான் போகவில்லை. சைவக்காரன் நண்பன் போய்விட்டு வந்து சொன்னது: தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை நன்றாக இருக்கிறது, சோறு குழைவு, மற்றதைக் கேட்காதே. அவன் பையிலிருந்த இட்லிப்பொடி அதற்கப்புறம்தான் வெளியே வந்தது.

ஈஜினாவில் இறங்குவதற்குள் மைக்கில் பஸ் டிக்கெட் விற்பார்கள், அது தனிக் காசு. பஸ் போவது அஃபாயா என்ற பழைய கிரேக்கத் தெய்வத்தின் கோயிலுக்கு, கிட்டத்தட்ட கி.மு. 500ஐச் சேர்ந்தது. 32 தூண்களில் 25 இன்னும் நிற்கின்றன. நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் அதன் முகப்புச் சிற்பங்கள் பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கிக்கொண்டு போனவை. நான் வேலை பார்க்கிற மியூனிக்கில் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தாயிற்று. அதனால் பஸ்ஸை விட்டுவிட்டுத் துறையிலேயே சுற்றினேன். 1828இல் புதுக் கிரேக்கத்தின் அரசாங்கம் முதலில் உட்கார்ந்த ஊர் இது. அந்தப் பவிசு எதுவும் துறையில் தெரியவில்லை, அதுவும் நல்லதுதான். கரையில் கட்டிய ஒரு தோணியில் தக்காளி, கத்தரிக்காய், வெள்ளரிக்காயை அடுக்கி, தோணியிலிருந்தே எடை போட்டுக் கொடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற தோணிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கிருந்து நகர மனசு வருமா? நாலு தெரு தள்ளி மீன் சந்தைச் சந்தில் சுட்ட கணவாயும் எலுமிச்சம்பழமும். கப்பல் பந்தியை விட்டதற்கு அதுவே ஈடு.

திரும்பும்போது பாட்டு, கைகோத்து ஆட்டம். எங்கள் ஆளும் போய் ஆடினான். கூட்டமாகப் போனால் பிடிக்கும். தனியாகப் போகிறவர்களுக்குத் தலைவலி.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கையில் ஒரே நாள்தான், பெரியவர்களும் கூட இருக்கிறார்கள், மூன்று துறையும் கண்ணில் பட்டால் போதும் என்றால் தாராளமாக ஏறலாம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடகாற்று போட்டுத் தாக்கும்போதும் இந்த வளைகுடாவில் ஆட்டம் குறைவு, வாந்தி பயம் இருப்பவர்கள் கவனிக்க. மற்றவர்கள் மெட்ரோ பிடித்து ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் போய், ஹைட்ராவுக்கு நேர்ப் படகுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காசும் மிச்சம், நேரமும் உங்கள் கையில். ஒன்று மட்டும்: வேகப் படகுகளில் பெரும்பாலும் உள்ளேதான் உட்கார வேண்டும், ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். ஈஜினா பிஸ்தாவை ஏதென்ஸ் கடைகளிலேயே வாங்கலாம். ஆனால் துறையோரக் கடைகளில் முதலில் கையில் போட்டு ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். உப்பும் எலுமிச்சையும் போட்டு வறுத்ததைக் கேளுங்கள்.