மாரியோ 64: கார்ட்ரிட்ஜா, சந்தாவா?

நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் சூப்பர் மாரியோ 64 விளையாட இரண்டு வழி. ஒன்று, '64', 'சன்ஷைன்', 'கேலக்ஸி' என மூன்று மாரியோ ஆட்டங்கள் அடங்கிய சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ். மற்றொன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் எக்ஸ்பான்ஷன் பேக் சந்தா.

ஆல்-ஸ்டார்ஸ் 2020 செப்டம்பர் 18 முதல் 2021 மார்ச் 31 வரைதான் விற்பனையில் இருந்தது. அன்று டிஜிட்டலாக வாங்கியவர்கள் இன்றும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பழைய கார்ட்ரிட்ஜ்தான் கதி. 60 டாலருக்கு விற்ற பொருளுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்டால், 'கேலக்ஸி' 2025இல் தனியாகவும் வந்துவிட்டதை நினைவில் வையுங்கள்.

ஆல்-ஸ்டார்ஸிலுள்ள 64, பின்னாளில் ஜப்பானில் வந்த ஷிண்டோ பதிப்பை ஒட்டியது. பின்புறமாகத் தாவித் தாவி வேகம் ஏற்றி, போதிய நட்சத்திரங்கள் இருந்தால்தான் திறக்கும் கதவுகளைத் தாண்டும் அந்தப் பிரபல குறுக்குவழி இதில் வேலை செய்யாது. நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதியும் இல்லை; நட்சத்திரம் எடுத்தால்தான் சேமிப்பு. கேமரா திசையைத் திருப்பிப் போட வேண்டுமானால் 1.1.0 அப்டேட் கட்டாயம். கார்ட்ரிட்ஜைச் செருகியதும் முதலில் அதை இறக்குங்கள்.

சந்தா ஆண்டுக்கு 50 டாலர். எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். சாதாரணமாக விளையாடுபவருக்கு இந்த ஒன்றே போதும். சிக்கல் இணையத்தில்: உறுப்பினர் நிலையைச் சரிபார்க்க ஏழு நாளுக்கு ஒருமுறையாவது இணைக்காவிட்டால் ஆட்டம் திறக்காது. நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். சந்தா முடிந்தால் ஆட்டமும் போச்சு.

மாரியோ 64ஐ மட்டும் முடிக்க நினைப்பவர் ஓராண்டுச் சந்தா எடுங்கள். கார்ட்ரிட்ஜ், 'சன்ஷைனும்' வேண்டும் என்பவருக்கு.