ஹட்டனில் பழைய பேப்பர் கட்டிக் கொடுக்கும் பைண்டிங் கடை

வீட்டில் பழைய பத்திரிகைக் கட்டு கிடந்தால், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே படியேறிப் போகும் சந்தில் இருக்கிற பைண்டிங் கடைக்கு நம்பிக் கொண்டுபோகலாம். பெயர்ப்பலகை கிடையாது, பக்கத்துக் கடையில் கேட்டால் காட்டுவார்கள். நான் கொடுத்தது தாத்தா எழுபதுகளில் சேர்த்துவைத்த உள்ளூர் வாரப் பத்திரிகை. நாலு பக்கம்தான், நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது, நம் மழைக்கும் பனிக்கும் ஈரத்துக்கும் அந்தத் தாள் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது, “டேப் ஏதும் ஒட்டினீங்களா?” என்றுதான். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாகி எழுத்தையே மறைத்துவிடுமாம். கிழிசலில் மெல்லிய தாளை வைத்து மாப்பசையால் ஒட்டுகிறார், பூச்சி வராமல் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்கிறார், அப்புறம் ஒவ்வொரு இதழையும் நடுமடிப்பில் நூல் கோத்துத் தைக்கிறார். ஸ்டேப்ளர் கம்பியைத் தொடுவதே இல்லை, துருப்பிடிக்கும் என்கிறார். வேலை அருமை.

குறையும் உண்டு. சொன்ன நாளில் கிடைக்காது. ஓரத்தைச் சமப்படுத்த வெட்டியதில் ஓர் இதழின் தேதி வரி போய்விட்டது, எனக்கு அது பெரிய வருத்தம். ஓரம் வெட்டவே வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த ஊரில் பத்திரிகை சும்மா வந்த சாமான் இல்லை. கொழும்பில் 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என்று நடத்திய கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேஷத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலைமையைப் பார்த்தவர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனிலேயே வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளருக்காகப் பாட்டு எழுதி மேடையில் பாடினார்.

தாத்தாவின் பத்திரிகைக் கட்டிலும் அப்படித்தான் எங்கள் சரித்திரம் கிடக்கிறது. 1973-74 பஞ்சம், 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, எல்லாம் இருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது கடைசிப் பக்கத்து அறிவித்தல்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானதல்லவா, அப்படி இந்தியாவுக்குக் கப்பலேறக் கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் போனவர்கள் கொடுத்த விளம்பரங்கள் அவை. தோட்டம், டிவிஷன், குடும்பத் தலைவர் பெயர், போகிற ஊர், கொடுக்கல் வாங்கல் இருந்தால் இன்ன தேதிக்குள் தீர்த்துக்கொள்ளவும் என்று கீழே ஒரு வரி. பெரிய தினசரிகளில் இதைத் தேடாதீர்கள். இந்த மாதிரி நாலு பக்கப் பேப்பர்களில்தான் இருக்கும், அதைத்தான் நாம் அடுப்பெரிக்கவும் வடை சுற்றவும் கொடுத்துத் தீர்த்தோம்.

கட்டக் கொடுக்கும் முன் ஸ்கேன் பண்ணிவிடுங்கள், தைத்தபின் நடுமடிப்பு தட்டையாக விரியாது. பிரதியை நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுக்கலாம், 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிமப்படுத்தி எல்லாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோகும்போது சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே பொலித்தீன் சுற்றிக்கொள்ளுங்கள். அந்தப் படிக்கட்டில் ஒதுங்க இடமே இல்லை.