சாயும் மினியேச்சர்: எடை கட்டுவதா, அடியை அகலமாக்குவதா?

கோடாரியைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கும் வீரன், இறக்கை விரித்த டிராகன். மேஜை விளையாட்டுகளில் காய்களாக வைக்கும் சின்ன உருவங்களில் (மினியேச்சர், சுருக்கமாக மினி), யார் முழங்கை பட்டாலும் முதலில் சாய்வது இவைதான். இதற்கு வைத்தியமாக எடை, அகல பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு), காந்தம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எது சரி என்பது உங்கள் மினி பிளாஸ்டிக்கா உலோகமா என்பதைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. 25 மிமீ வட்ட பேஸ், 5 கிராம் பிளாஸ்டிக் உருவம், எடைமையம் 25 மிமீ உயரத்தில் (பேஸின் சொந்த எடையை விட்டுவிடுவோம்). மேஜை சுமார் 27 டிகிரி சாய்ந்தாலே இது கவிழும். அடியில் இன்னொரு 5 கிராம் ஒட்டினால் 44 டிகிரி வரை தாங்கும். எடை சேர்க்காமல் 32 மிமீ பேஸுக்கு மாற்றினால் 33தான். பிளாஸ்டிக்குக்கு எடைதான், சந்தேகமே இல்லை.

அதே உருவம் 20 கிராம் உலோகமாக இருந்தால் கதை வேறு. 5 கிராம் ஒட்டினால் 32 டிகிரி, அகல பேஸ் போட்டால் 33. கனமான உடம்புக்கு முன்னால் அந்த 5 கிராம் எடுபடாது. உலோக மினி வைத்திருப்பவர்கள் எடைக்காக வாஷருக்கு அலைவதை விட்டுப் பெரிய பேஸ் வாங்கலாம்.

ஆனால் பெரிய பேஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல ஓர் அங்குலக் கட்டத்தில் ஆடினால் 32 மிமீ பேஸ் பக்கத்துக் கட்டத்துக்குள் நீட்டும். வார்ஹாமர் மாதிரி ஸ்கேல் வைத்து அளக்கிற ஆட்டங்களிலோ பேஸின் அளவே ஆட்டத்தைப் பாதிக்கும். எதிராளியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எடைக்கு எதைப் போடுவது? பிரிட்டனில் பலர் 2 பென்ஸ் நாணயத்தையே பேஸாக வைத்துக்கொள்கிறார்கள்: 25.9 மிமீ, 7.12 கிராம். நம்மூரில் 2011 வரிசை 2 ரூபாய் நாணயம் 25 மிமீ, 4.85 கிராம். அடிப்பக்கம் குழிவான பேஸில் எம்-சீல் அடைத்து, காய்வதற்குள் நாணயத்தை அழுத்தி மட்டமாக்கினால் போதும். குழிக்குள் வாஷர் ஒட்டுவதும் நல்ல வழி. எதுவானாலும் விளிம்புக்குக் கீழே ஒரு பக்கமாகத் துருத்தக் கூடாது. அப்புறம் மினி நிற்கும்போதே ஆடும். தூண்டில் ஈயக் குண்டை மட்டும் தொடாதீர்கள். விஷம், அதுவும் குழந்தைகள் புழங்கும் மேஜை.

காந்தத்தை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். கீழே இரும்புத் தகடு இருந்தால்தான் அது பிடிக்கும். தெர்மாகோல் குன்றின் மேல் அது வெறும் சின்ன எடை. பெட்டியில் எடுத்துப்போக அருமையானது, அவ்வளவுதான். 2 ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டீல் என்பதால், நாணயம் ஒட்டிய மினிகளுக்குப் பெட்டியின் அடியில் காந்த ஷீட் விரித்தாலே போதும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து பாயும் உருவங்களுக்கு எடையை நடுவில் வைத்தால் முழுப் பயன் கிடைக்காது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இன்னும் பேஸில் ஒட்டவில்லையென்றால், காலை நடுவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி ஒட்டுவதே மேல். காசு செலவில்லை.